முள் அசையாத குத்து

அத்தியாயம் 11

பை வெடித்துக் கந்தல் துணி தரையெல்லாம் கொட்டியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். விட்டுப்போனவர்களுக்காக இரண்டு வரி: வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சிட்டுவுக்கென்றே தொங்கும் குத்துப்பை அது. வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. தைத்ததும் அம்மா, ஒட்டுப் போடுவதும் அம்மா. நேற்றுக் காலை சிட்டு குத்திக்கொண்டிருந்தபோது பக்கவாட்டில் டப்பென்று பிளந்துவிட்டது.

இன்றைக்கு மாலை ஐந்து மணிக்குள் குத்துச்சண்டை கிளப்பில் சிட்டுவின் விண்ணப்பத்தைக் கொடுத்தாக வேண்டும். எல்லாம் எழுதியாயிற்று, ஒரு கட்டம் மட்டும் காலி. எடைப் பிரிவு. ஐம்பத்து நான்கா, ஐம்பத்தேழா? எழுதிக் கொடுத்துவிட்டால் மாற்ற முடியாது. சிட்டுவோ ஐம்பத்தைந்து கிலோ எழுநூறு கிராம். நட்ட நடுவில் நிற்கிறாள்.

பத்தொன்பது நாளில் தேர்வுப் போட்டி. ஜெயித்தால் தேசிய முகாம். தவறினால் அவ்வளவுதான், அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இளையோர் பிரிவில் பிறகு அவளை எட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள்.

காலை ஏழு மணிக்கே கூடத்தில் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. கிழிந்த பை நடுவில் கிடந்தது. ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மாமா.

"ஐம்பத்து நாலுதான்," என்றார் அப்பா. "ஒண்ணே முக்கால் கிலோ இறக்கணும், அவ்வளவுதானே? இவ குத்துல இருக்கிற பலத்துக்கு, அந்தப் பொண்ணுங்க ஒண்ணு வாங்கினா ரெண்டாவதுக்கு நிக்க மாட்டாங்க."

"பலம் பலம்னு சொல்றீங்களே அத்தான், பட்டாத்தானே பலம்?" மாமா விடவில்லை. "ஐம்பத்தேழுல இருக்கிறவங்க எல்லாம் கனம். கனம்னா மெதுவு. அவ கையைத் தூக்குறதுக்குள்ள நம்ம சிட்டு மூணு வெச்சிட்டு, டீ குடிச்சிட்டுத் திரும்பி வந்துடுவா. வேகம்தான் எல்லாம்!"

அம்மாவின் தம்பி அவர். பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச். நேரம் பார்க்காமல் அவரால் தும்மக்கூட முடியாது. சாயங்காலமானால் கொட்டகைக்கு வந்து, பத்து நொடியில் சிட்டுவின் இடது கை எத்தனை குத்து குத்துகிறது என்று எண்ணுவார். நாற்பத்தொன்று வந்த அன்றைக்குத் தெருமுனை வரை விசில் ஊதிக்கொண்டே போனார், வெட்கம் கெட்ட மனுஷன்.

அப்பா தராசு ரிப்பேர் செய்பவர். அவருக்கு எதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். கடைகளில் இருக்கும் வட்ட முகத் தராசு ஒன்றைக் கொட்டகைச் சுவரில் படுக்கப் போட்டு மாட்டி, அதன் தட்டில் மெத்தை வைத்துக் கட்டியிருக்கிறார். மெத்தை அம்மா தைத்துக் கொடுத்தது. சிட்டு அதில் குத்தினால் முள் நகரும். மூன்று மாதம் முன்னால் அவள் வலது கைக் குத்து தொண்ணூறு காட்டியது. இரண்டு வாரம் முன்னால் கடைசியாக நிறுத்தபோது நூற்றி முப்பது! இடது கை என்ன குட்டிக்கரணம் போட்டாலும் இருபத்திரண்டைத் தாண்டுவதில்லை. அதனால் அப்பாவுக்கு அந்த வலது கை என்றால் உயிர்.

"சரி, இந்தப் பையையே கேப்போம்," என்றார் அப்பா. "இதைக் கிழிச்சது எந்தக் கை? வலதுன்னா பலம் ஜெயிச்சுது, ஐம்பத்து நாலு. இடதுன்னா உன் வேகம், ஐம்பத்தேழு. ஒத்துக்கிறியா மாப்ளே?"

"ஒத்துக்கிட்டேன். ஆனா யார் தீர்ப்பு சொல்றது?"

இரண்டு பேரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள்.

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்று அம்மா சிடுசிடுத்தாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கும் குறுகுறுவென்றுதான் இருந்தது. பதினெட்டு வருஷமாகத் தார்ப்பாயும் சீட் கவரும் தைக்கிறவள். ஒரு கிழிசலைப் பார்த்தால் அது எப்படிக் கிழிந்தது என்று சொல்லிவிடுவாள்.

"ஏன்டி, குத்தினவ நீதானே? உனக்குத் தெரியாதா?" என்றாள் சிட்டுவிடம்.

சிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள், இடது கையால். "ரெண்டு கையாலயும்தான் குத்தினேன். எதுன்னு யாரு பாத்தா?" என்றாள். இடது தோளில் பையை மாட்டிக்கொண்டு, காலேஜுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள்.

"கை வலிக்குதா?" அப்பா வாசல் வரை போய்க் கேட்டார். தினமும் கேட்பதுதான்.

"வலிக்கலப்பா!" தினமும் சொல்வதுதான்.

*

பதினொரு மணிக்கு டீ இடைவேளையில், தான் வேலை பார்க்கும் தையல் பட்டறையின் வெட்டும் மேசையில் பையைப் பரப்பினாள் அம்மா. ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் இடம்.

குத்தும்போது பை சுழன்றுவிடக் கூடாது என்று அடியிலும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதனால் எந்தக் கை எந்தப் பக்கம் விழுந்தது என்பதில் குழப்பமே இல்லை. ஒரு பக்கம் வலது கைக்கு, ஒரு பக்கம் இடது கைக்கு. பிளந்திருந்தது இடது கைப் பக்கம்.

'என் தம்பி ஆடப் போகிறான்' என்று நினைத்துக்கொண்டே தையல் துளைகளைப் பார்த்தாள். அங்கேதான் அவளுக்கு முதல் ஆச்சரியம்.

துணியை அழுத்தித் தள்ளித் தள்ளிக் கிழித்தால் ஊசித் துளைகள் இழுபட்டு நீளமாகிவிடும். சீட் கவர்களில் அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். இங்கே துளைகள் எல்லாம் குண்டு குண்டாக, ஊசி போட்ட அன்றைக்கு இருந்தபடியே இருந்தன. நூல் மட்டும் பட்டுப் பட்டென்று அறுந்திருந்தது. தார்ப்பாய் தைக்கும் மூன்று புரி நூல் அது, லேசில் அறுகிற ஜாதி இல்லை.

அம்மா மேசையில் கிடந்த நூல் ஒன்றை எடுத்து இரண்டு விரலிலும் சுற்றிக்கொண்டாள். மெதுவாக இழுத்தாள். விரல்தான் வெள்ளையாகிக் கன்றியது, நூல் அசையவில்லை. பிறகு வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினாள். அறுந்துவிட்டது. ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற வேலை! இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அதைப் பற்றி யோசித்திருக்கிறாளா?

'அப்போ வேகமா விழுந்ததுதான் பலமா விழுந்திருக்கு. அப்புறம் எப்படி அந்தத் தராசு இருபத்திரண்டு காட்டுது?'

கேள்வி அவளை விடவில்லை. பட்டறையிலும் ஒரு வட்ட முகத் தராசு உண்டு, துணி நிறுக்க. அப்பாதான் வருஷா வருஷம் வந்து சரிபார்த்துக் கொடுப்பார். அம்மா எழுந்து போய் அதன் தட்டில் ஓங்கிப் பளாரென்று ஓர் அறை விட்டாள்.

துணி வெட்டுகிறவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்னம்மா, வீட்டுக்காரர் மேல கோவமா? பாவம், தராசு என்ன பண்ணுச்சு?"

அம்மா காதில் வாங்கவில்லை. உள்ளங்கை சுள்ளென்று எரிந்தது. முள்ளோ சோம்பேறித்தனமாக எட்டு வரை போய்த் திரும்பிவிட்டது. இப்போது அதே கையைத் தட்டில் வைத்து, வலிக்காமல், சும்மா உடம்பைச் சாய்த்தாள். முள் நிதானமாக ஏறியது. பத்து, இருபது, இருபத்தைந்து.

அப்பா வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வது அவள் ஞாபகத்துக்கு வந்தது. "என் தராசுல முள் ஆடாதுங்க. உள்ள ஒரு எண்ணெய்க் குப்பி வெச்சிருக்கேன். முள்ளைக் கெட்டியாப் பிடிச்சுக்கும்."

அடக் கடவுளே. குத்து வந்து போகிற வரைக்கும் அந்த எண்ணெய் முள்ளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தள்ளினால்தான் விடுகிறது. மூன்று மாதமாக இந்த மனுஷன் குத்தை நிறுக்கவே இல்லை. தள்ளுவதைத்தான் நிறுத்துக்கொண்டிருக்கிறார்.

சிரிப்பு வந்தது. வந்த சிரிப்போடு பையைப் புரட்டி, வலது கைப் பக்கத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பக்கம் துணி நைந்துபோய், பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அவளே ஒரு புதுத் துண்டு வைத்துத் தைத்திருந்தாள். தினமும் காலையும் மாலையும் குத்து வாங்கினால் இந்நேரம் அது அழுக்கேறி, பளபளத்து, நடுவில் குழிந்திருக்க வேண்டும். அந்தத் துண்டு கடையில் வாங்கினது போல் இருந்தது. அவள் வரைந்த சாக்பீஸ் கோடுகூட அழியவில்லை.

பன்னிரண்டு நாளாக அந்தப் பக்கம் ஒரு குத்துகூட விழவில்லை. இடது கையால் டீ. இடது தோளில் பை. சிட்டுவைக் கூப்பிட அம்மா போனை எடுத்தாள்.

*

ஒரு மணிக்குப் பட்டறை வாசலில் சிட்டு வந்து நின்றாள். அம்மா சாக்பீஸ் கோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

சிட்டு அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "துப்பறியும் வேலைக்குப் போயிருக்கலாம் நீ," என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"கையைக் காட்டு."

முழுக்கைச் சட்டையை மேலே ஏற்றினாள். மணிக்கட்டு புஸ்ஸென்று வீங்கியிருந்தது. குத்தும்போது கையில் சுற்றும் பட்டைக்குள் இத்தனை நாள் ஒளித்து வைத்திருக்கிறாள், பாதகத்தி.

"எப்படி ஆச்சு?"

"அந்தத் தராசு. வேகமா குத்தினா முள் ஏறாதும்மா. குத்திட்டு, கையை எடுக்காம, மணிக்கட்டை வளைச்சு அப்படியே தள்ளினாத்தான் ஏறும். முதல்ல தெரியாமத்தான் பண்ணேன். அப்புறம் தெரிஞ்சே பண்ணேன்."

"ஏன்டி? வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"முள் ஏறும்போது அப்பா மூஞ்சியைப் பாத்திருக்கியாம்மா நீ?"

அம்மா பார்த்திருக்கிறாள். நூற்றி முப்பது வந்த அன்றைக்கு அவர் கண்கலங்கி, அதை மறைக்கக் கண்ணாடியைத் துடைத்ததையும் பார்த்திருக்கிறாள். கோபம் பொங்கியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மெத்தை தைத்துக் கொடுத்ததே அவள்தானே.

"கிளப்புல டாக்டர் ரெண்டு கையையும் பாத்துக் கையெழுத்து போடணும்," என்றாள் சிட்டு மெல்ல. "ஒரு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டா முடிஞ்சுது. அதுக்கப்புறம் பத்தொன்பது நாள் இருக்கு. ஆறிடும். நீ மட்டும் சொல்லாம இரும்மா."

அவள் ஆறு வருஷமாக விடிகாலையில் எழுந்து ஓடியது இந்த ஒரு தேர்வுக்காக. அதுவும் அம்மாவுக்குத் தெரியும்.

"நான் அப்பாகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள் அம்மா. "அவரையே பாக்க வைக்கிறேன். வா வீட்டுக்கு."

*

மூன்றரை மணி. கொட்டகையில் அப்பாவும் மாமாவும் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள்.

"கிழிச்சது இடது கை," என்றாள் அம்மா.

மாமாவின் விசில் வாய்க்குப் போய்விட்டது. அப்பாவின் முகம் தொங்கிப்போனது. "இருபத்திரண்டு காட்டுற கையா? நம்ப முடியல."

"டேய், விசிலைக் கீழ வை. உன் கதை அப்புறம் இருக்கு." அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். "ஏங்க, உங்க தராசை நீங்களே ஒரு அறை விடுங்க. ஓங்கி."

"எதுக்கு?"

"விடுங்களேன்."

விட்டார். முள் பன்னிரண்டு வரை போய் வந்தது. அப்பா கையை உதறினார்.

"இப்போ கையை வெச்சு, சும்மா சாயுங்க."

சாய்ந்தார். முள் ஏறியது. முப்பது, ஐம்பது, எழுபது. எண்பதில் அப்பா அப்படியே உறைந்து நின்றார். மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். தொழில் தெரிந்தவருக்கு எதற்கு விளக்கம்?

"எண்ணெய்க் குப்பி," என்றார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "நானே வெச்ச குப்பி! அறிவிருக்கா எனக்கு?" இரண்டு நொடி கழித்து அடுத்தது உறைத்தது. "அப்போ நூற்றி முப்பது? அவ குத்தலையா? தள்ளிக்கிட்டா இருந்தா?"

மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார். சிட்டு சட்டைக் கையை ஏற்றிக் காட்டினாள்.

அப்பா அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார், கிராம் கிராமாக நிறுக்கிற படிக்கற்களை எடுப்பது போல. தினமும் வாசலில் நின்று கேட்ட கேள்வியும் தினமும் வாங்கிக்கொண்ட பதிலும் அவருக்குள் ஓடியிருக்க வேண்டும். அம்மாவுக்கு அவரைத் திட்ட வேண்டும் என்று வந்த ஆத்திரமெல்லாம் வடிந்துவிட்டது.

"நான்தாம்மா உன் கையைக் கெடுத்தேன்," என்றார் கடைசியில்.

"நானும்தான்பா. பொய் சொன்னேன்ல."

அப்பா திருப்புளியை எடுத்தார். தராசின் பின் தகட்டைக் கழற்றி, குப்பியை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். இரண்டு நிமிட வேலை. முள் இப்போது காற்றுக்கே நடுங்கியது. வேறு நாளாக இருந்தால் அதைப் பார்த்து அவருக்குத் தூக்கம் போயிருக்கும்.

"இடது கையால மட்டும்," என்றார். "எனக்குத் தெரியணும்."

"வலதைத் தூக்கினே, தொலைச்சுடுவேன்," என்றாள் அம்மா. அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது.

"முதல்ல மாமா கணக்கு," என்று சிட்டு கண்ணடித்தாள். இடது கையால் டப டப டபவென்று தட்டினாள், கண்ணால் தொடர முடியாத வேகம். மாமா ஸ்டாப்வாட்சை அமுக்கிப் பரவசத்தில் நின்றார். முள் பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் துடித்துக்கொண்டே இருந்தது, ஏறவில்லை.

"என்னது இது?"

"நீங்க எண்ணுவீங்கன்னு தொட்டுத் தொட்டு எடுத்தேன் மாமா. நாற்பத்தொண்ணுல பாதி குத்தே இல்ல. கொசு அடிக்கக்கூட ஆகாது."

மாமாவுக்கு மூக்கு உடைந்தது. ஸ்டாப்வாட்சை மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இப்போ என் கணக்கு." சிட்டு ஒரு காலைப் பின்னால் வைத்து நின்றாள். கை போனதை அம்மா பார்க்கவில்லை. திரும்பி வந்ததைத்தான் பார்த்தாள். வெடுக்கென்று, அவள் நூலைச் சுண்டுகிற அதே மாதிரி. முள் வட்டத்தின் கடைசி எண்ணைத் தாண்டி ஓடி, தடுப்பு ஆணியில் டிங்கென்று மோதி, வளைந்து நின்றுவிட்டது.

வளைந்த முள்ளை அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார். "தராசு போச்சு," என்றார். குரலில் அத்தனை சந்தோஷம்!

"அப்போ வேகமா, பலமா?" மாமாவுக்கு இன்னும் தீரவில்லை. "யாருதான் ஜெயிச்சது?"

"டேய், மணி என்ன பாரு!" என்றாள் அம்மா.

நாலு பதினாலு. மாமா விறைத்து நிமிர்ந்தார். "நாலு இருபது வண்டி. இன்னிக்கு ஓட்டுறவன் ரெண்டு நிமிஷம் லேட்டாத்தான் எடுப்பான். ஓடுங்க!"

*

கிளப் அலுவலகத்தில் நாலு ஐம்பதுக்கு நான்கு பேரும் மூச்சிரைக்கப் போய் நின்றார்கள். சிட்டுவின் பயிற்சியாளர், கறாரான பெண்மணி, விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் காலிக் கட்டத்தில் விரலை வைத்தார். "இன்னுமா முடிவு பண்ணல?"

சிட்டு பேனாவை எடுத்தாள். மணிக்கட்டு வளையவில்லை. அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார்.

"ஐம்பத்தேழும்மா. கையும் வலிச்சு, வயிறும் காயணுமா உனக்கு?" என்று சொல்லிக்கொண்டே எழுதினார், தராசுகளுக்கு முத்திரைச் சீட்டு எழுதுவது போல அழுத்தமாக.

மாமா வாயைத் திறந்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

பக்கத்து மேசையில் டாக்டர். கீழே கையெழுத்துப் போடும் கோடு ஒன்று மட்டும்தான் மிச்சம். இடது கையைப் பிடித்து, விரல்களை மடக்கி நீட்டி, தலையாட்டினார். "அடுத்தது."

சிட்டு வலது கையை மேசையில் வைத்தாள். பட்டை இல்லாமல், சட்டை மறைக்காமல்.

டாக்டர் மணிக்கட்டின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார். "இங்க வலிக்குதா?"

அவள் பல்லைக் கடித்ததை அம்மா பார்த்தாள். ஒரு நிமிஷம் கடித்துக்கொண்டால் முடிந்துவிடும் என்று அவள் மத்தியானம் சொன்ன அதே பல். சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு மூன்று நிமிடம். அம்மாவுக்கே ஒரு கணம் சபலம் தட்டியது: 'இல்லைன்னு சொல்லிடேன்டி.' நினைத்ததற்கு அவள் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

சிட்டு டாக்டரைப் பார்க்கவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குது," என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, விளக்கை அருகில் இழுத்தார்.